நடுவர் உரை: நின்டெண்டோ கம்பெனி போற்றத்தக்கதா, தூற்றத்தக்கதா?

(பொங்கல் விழாவை ஒட்டி நம் சங்கத்து இளைஞர் பிரிவினர் நடத்திய பட்டிமன்றத்தில் நடுவர் ஆற்றிய உரை, அன்பர்கள் பலர் விரும்பியபடி இவ்வாண்டு மலரில் இடம் பெறுகிறது.)

 

கற்பிற் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்றும், இல்லறத்துக்கு வேண்டுவது சிக்கனமா தாராளமா என்றும் வாதிட்டுப் பழகிய மேடை இது. இம்முறை பிள்ளைகள் கொணர்ந்த தலைப்பைக் கேட்டதும் செயற்குழுவில் சிலர் முகம் சுளித்தனர். ஜப்பான் தேசத்து விளையாட்டுக் கம்பெனி ஒன்றுக்காகக் கரக்பூர்த் தமிழர் கூடி வழக்காடுவதா என்று வினவினர். அதற்குச் செயலாளர் தந்த மறுமொழி ஒன்றே: "தமிழிலேயே பேசுகிறோம் என்று பிள்ளைகள் ஒப்புக்கொண்ட தலைப்பு இது ஒன்றுதான், ஐயா!" வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் வங்காளியும் ஆங்கிலமுமாக வளரும் பிள்ளைகள் அல்லவா? முகம் சுளித்தவர்களும் வாய் மூடினர். இன்று இரு அணியினரும் பேசிய தமிழைக் கேட்ட பின்னர், அவர்களே முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியதை நாம் கண்டோம்.

நடுவர் நாற்காலிக்கு நாம் வந்து சேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுவது முறை. மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, ஸ்டோர்ஸ் ஆபீஸில் இண்டென்டுகளைப் பதிவு செய்து பிழைப்பவரிடம் ஒரு பெரிய கம்பெனியின் குணதோஷங்களை எடை போடச் சொல்வது பொருந்தாதென்று எவ்வளவோ மறுத்தோம். செயலாளர் விடவில்லை. "அண்ணா, நம் காலனியில் முதன்முதலில் டி.வி. கேம் வந்தது உங்கள் குவார்ட்டர்ஸில்தானே? நாங்களெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோமே!" என்றார். அதற்குமேல் மறுக்க நமக்கு வழியில்லை.

அவர் சொன்னது உண்மை. 1992-ஆம் ஆண்டு நம் தகப்பனார், ஒர்க்ஷாப்பில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணத்தில், கோல் பஜாரிலிருந்து ஒரு பெட்டியை வாங்கி வந்தார். கறுப்பும் சிவப்புமான பெட்டி, இரண்டு கைப்பிடிகள், ஒரு துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேஸட். கேஸட்டின் மேல் அறுபத்து நான்கு ஆட்டங்கள் என்று அச்சிட்டிருந்தது. பன்னிரண்டைத் தாண்டினால் முதல் ஆட்டமே வேறு பெயரோடு திரும்பி வரும். ஆயினும் என்ன? மீசைக்காரக் குழாய்ப் பணியாளன் ஒருவன் ஆமைகளை மிதித்துக்கொண்டும், நாணயங்களைத் திரட்டிக்கொண்டும் வலப்பக்கமாக ஓடிய ஓட்டத்தில் நம் பள்ளிப் பருவத்தின் கோடை விடுமுறைகள் கழிந்தன. அவன் பெயர் மாரியோ என்பதும், அவனை ஆக்கியவர்கள் கியோட்டோ நகரத்தார் என்பதும், நம் வீட்டுப் பெட்டி அவர்கள் பெட்டியின் நகல் என்பதும், அந்தப் பணத்தில் ஒரு காசு கூட அவர்களைச் சென்றடையவில்லை என்பதும் வெகு காலம் கழித்தே நமக்குத் தெரிய வந்தன. ஆகவே, இந்த வழக்கில் நடுவராக அமர்ந்தவர் ஒருவகையில் குற்றவாளிக் கூண்டுக்கும் உரியவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம். ஆட்சேபணை உள்ளோர் இப்போதே எழுந்து சொல்லலாம்.

ஒருவரும் எழவில்லை. நன்று.

பெரியோர்களின் பொருட்டு, வழக்குக்கு உரிய கம்பெனியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லி மேலே செல்வோம். 1889-ஆம் ஆண்டு கியோட்டோவில் புஸாஜிரோ யமவுச்சி என்பவர் 'ஹனாஃபுடா' எனப்படும் பூச்சீட்டுகளைச் செய்து விற்கத் தொடங்கினார். பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு செடிகொடிகள், மாதத்துக்கு நான்காக 48 சீட்டுகள். அந்தச் சீட்டுக் கடையே நின்டெண்டோ. 1949-இல் அவருடைய கொள்ளுப்பேரர் ஹிரோஷி யமவுச்சி, இருபது வயதைச் சற்றே கடந்த நிலையில், கல்லூரிப் படிப்பை விட்டுவந்து தலைமை ஏற்றார். 2002 வரை, அதாவது 53 ஆண்டுகள், அந்த நாற்காலியை விடவில்லை. இடையில் வாடகைக் கார் ஓட்டிப் பார்த்தார், வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் சோற்றை விற்றுப் பார்த்தார், இரண்டும் கைகூடவில்லை. பிறகு பொம்மைகள், பிறகு மின்விளையாட்டுகள். 1983 ஜூலையில் ஜப்பானில் 'ஃபாமிகாம்' என்ற ஆட்டப் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதுவே வேறு உருவத்தில் 1985-இல் அமெரிக்கா சென்றது. இரண்டுமாகச் சேர்ந்து உலகில் 6 கோடிக்கு மேல் விற்றன. நம் வீட்டு நகலுக்கு மூலம் அதுதான்.

இனி வாதங்களுக்கு வருவோம். போற்றிய அணியின் தலைவி, லோகோ பைலட் அன்பரின் மகள், தம் உரையைத் தொடங்கிய இடமே நம் மனத்தைக் கவர்ந்தது. அவர் கம்பெனி முதலாளியைப் பற்றிப் பேசவில்லை; மெஷின் பராமரிக்கும் ஊழியர் ஒருவரைப் பற்றிப் பேசினார். ஒர்க்ஷாப் அன்பர்கள் அப்போது நிமிர்ந்து உட்கார்ந்ததை மேடையிலிருந்து பார்த்தோம். குன்பேய் யோகோய் என்பது அவர் பெயர். 1965-இல், சீட்டு செய்யும் மெஷின்களைப் பழுது பார்க்கவே அவரை வேலைக்கு எடுத்தார்கள். வேலை இல்லாத வேளைகளில் அவர் ஒரு பொம்மை செய்தார். குறுக்குச் சட்டங்களை மடக்கினால் நீண்டு சென்று தொலைவிலுள்ள பொருளைப் பற்றிக்கொள்ளும் ஒரு கை. அதை முதலாளி கண்டுவிட்டார். வேலை நேரத்தில் விளையாட்டா என்று மெமோ கொடுக்கக்கூடிய தருணம் அது. அவரோ, அதையே விற்பனைப் பொருளாக ஆக்கித் தரும்படி சொன்னார். 1966-இல் வெளிவந்த அந்தக் கை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. யோகோய் பொம்மை வகுப்பவர் ஆனார்.

இவரைப் பற்றி மற்றுமொரு செய்தி உண்டு. ரயில்வே குடும்பத்தார் அறிந்துகொள்ள வேண்டியது. அதிவேக ரயிலில் ஒரு நாள் யோகோய் பயணம் செய்துகொண்டிருந்தபோது, ஆபீஸ் உத்தியோகஸ்தர் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரின் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருக்கக் கண்டாராம். கையடக்கமான பெட்டியில் ஓர் ஆட்டமும், கூடவே ஒரு கடிகாரமும் வைத்தால் இத்தகையோருக்கு உதவுமே என்ற எண்ணம் அப்போது உதித்ததாகச் சொல்வர். 1980-இல் வெளிவந்த அந்தக் கையாட்டங்கள் எல்லாமாகச் சேர்ந்து 4 கோடிக்கு மேல் விற்றன. அவ்வரிசையில் 1982-இல் வந்த ஒன்றில்தான் கூட்டல் குறி வடிவத்தில் நாற்றிசைப் பொத்தான் அமைந்தது. இன்று எந்தக் கம்பெனியின் கைப்பிடியை எடுத்துப் பார்த்தாலும், இடது கட்டைவிரலுக்கு அடியில் அதன் வழித்தோன்றலைக் காணலாம்.

யோகோயின் கொள்கை யாதெனில், புதுமை மங்கி, விலை மலிந்து, குணமும் குறையும் நன்கு தெரிந்துவிட்ட பாகங்களையே எடுத்துக்கொண்டு, அவற்றை எவரும் எண்ணாத வழியில் பயன்படுத்துவது. 1989-இல் வந்த 'கேம் பாய்' இதற்குச் சான்று. வர்ணம் கிடையாது, பச்சை கலந்த திரையில் மங்கலான உருவங்கள். அதே காலத்தில் அடாரி கம்பெனியும், அடுத்த ஆண்டில் ஸேகா கம்பெனியும் வர்ணத் திரையோடு கைப்பெட்டிகளை இறக்கின. பார்த்தவர்கள் கேம் பாயின் கதை முடிந்தது என்றே நினைத்திருப்பர். ஆனால் ஸேகாவின் பெட்டி ஆறு பாட்டரிகளைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்தது. கேம் பாயோ நான்கு பாட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக ஓடியது. பாட்டரி வாங்கித் தருவது பிள்ளைகளல்லர், பெற்றோர் என்பதை யோகோய் மறக்கவில்லை. கேம் பாயும் பின்னர் வந்த அதன் வர்ண வடிவமும் சேர்ந்து ஏறத்தாழ 11 கோடியே 87 லட்சம் விற்றன. நம் தாய்மார்கள் இதை எளிதில் உணர்வார்கள். விளம்பரத்தில் மின்னும் மிக்ஸியை விட்டு, ஊரில் பழுது பார்க்க ஆள் கிடைக்கும் மிக்ஸியை வாங்குபவர்கள் அல்லவா?

அதே அணியின் இரண்டாம் பேச்சாளர் ஸடோரு இவாடாவை எடுத்துக்கொண்டார். யமவுச்சி குடும்பத்தைச் சேராத முதல் தலைவர் இவர். ஆட்டங்களுக்குக் கணக்கு எழுதும் புரோகிராமராக வாழ்க்கையைத் தொடங்கி, கடனில் மூழ்கிய ஒரு சிறு கம்பெனியை 1993-இல் ஏற்று நிமிர்த்தியவர். 2002-இல் நின்டெண்டோவின் தலைமைக்கு வந்தபோது அவருக்கு வயது 42. அவர் காலத்தில் 'டி.எஸ்.' என்னும் இரட்டைத் திரைக் கைப்பெட்டி 15 கோடிக்கு மேலும், 'வீ' என்னும் பெட்டி 10 கோடிக்கு மேலும் விற்றன. அப்புறம் இறங்கு காலம். 2011-இல் வந்த '3டி.எஸ்.' விலை அதிகம் என்று ஜனங்கள் வாங்கவில்லை. ஆறு மாதத்துக்குள் ஜப்பானில் 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாக விலையைக் குறைக்க நேர்ந்தது. அப்போது இவாடா தம் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அடுத்து வந்த 'வீ யூ' பெட்டி உலகம் முழுவதும் 1 கோடியே 36 லட்சத்துக்கு மேல் போகவில்லை. 2014-இல் மீண்டும் ஐந்து மாதங்களுக்குப் பாதிச் சம்பளம். அதற்கு முந்தைய ஆண்டு பங்குதாரர்கள், ஆட்களைக் குறைத்துச் செலவைச் சுருக்கலாகாதா என்று கேட்டதற்கு, வேலை போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவரால் பிறரை மகிழ்விக்கும் ஆட்டத்தைப் படைக்க முடியாது என்ற கருத்தில் அவர் விடை இறுத்தார்.

இவ்விடத்தில் மண்டபம் அமைதியானதை நாம் கவனித்தோம். தகப்பனார் பணியில் இருக்கும்போதே காலமாகி, அவர் இடத்தில் கருணை அடிப்படையில் வேலை பெற்று, பத்தொன்பது வயதில் ஒரு குடும்பத்தைச் சுமக்கத் தொடங்கியவர் நாம். மாதச் சம்பளம் என்றால் என்னவென்று நமக்குப் பாடம் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015 ஜூலையில், 55 வயதில், இவாடா மறைந்தார். அவர் காலத்தில் திட்டமிட்ட 'ஸ்விட்ச்' பெட்டி 2017 மார்ச்சில் வந்து 15 கோடியைத் தாண்டியது. அதைக் காண அவர் இல்லை. இந்த இடத்தில், தீர்ப்பை மனத்துக்குள் ஏறக்குறைய எழுதியே விட்டோம் என்பதை மறைக்கப் போவதில்லை.

நிற்க. தூற்றிய அணியின் வாதங்களைக் கேட்போம். அவர்கள் வீட்டுப்பாடம் செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

முதற் குற்றச்சாட்டு பூட்டைப் பற்றியது. 1983-இல் அமெரிக்காவில் வீடியோ ஆட்டத் தொழில் சரிந்து விழுந்தது. யார் வேண்டுமானாலும் எதையும் செய்து விற்கலாம் என்றிருந்ததால் குப்பை மலிந்து, வாங்குவோர் நம்பிக்கை இழந்தனர். அடாரி கம்பெனி விற்காத கேஸட்டுகளை நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் குழி தோண்டிப் புதைத்தது; 2014-இல் அவற்றைத் தோண்டி எடுத்தும் காட்டினார்கள். இந்தச் சரிவைப் பார்த்த நின்டெண்டோ, தன் பெட்டிக்குள் ஒரு சில்லையும் கேஸட்டுக்குள் ஒரு சில்லையும் வைத்தது. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் ஆட்டம் ஓடும். பிற கம்பெனியார் ஆண்டுக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வெளியிடலாகாது. கேஸட்டுகளை நின்டெண்டோவிடமே முன்பணம் கட்டிச் செய்துகொள்ள வேண்டும். பூட்டும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. குப்பை குறைந்தது என்னவோ மெய்தான். ஆனால் கடைக்காரர்களையும் அதே கையால் பிடித்தார்கள். பெட்டியைக் குறித்த விலைக்குக் கீழே விற்கவிடாமல் தடுத்ததாக அமெரிக்க அரசாங்கத்தாரின் வழக்கு வந்து, 1991-இல் சமரசம் ஆயிற்று. வாங்கியவர்களுக்குக் கிடைத்த பரிகாரம் யாது? ஐந்து டாலர் தள்ளுபடிச் சீட்டு. அதுவும் அந்தக் கம்பெனியின் ஆட்டத்தையே வாங்குவதற்கு! எடையில் குறைத்த மளிகைக்காரர், "அடுத்த முறை நம் கடைக்கே வாருங்கள், ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்கிறோம்" என்பது போல. இதைச் சொன்ன தம்பிக்குக் கிடைத்த கைதட்டல் நியாயமானது.

இரண்டாவது, பிடிவாதம். ஸோனி கம்பெனியோடு கூட்டாக வட்டத்தகட்டுப் பெட்டி செய்யப் பேசியிருந்த நின்டெண்டோ, 1991 ஜூனில், ஸோனி அதை மேடையில் அறிவித்த மறுநாளே, பிலிப்ஸ் கம்பெனியோடு உறவு கொண்டதாக அறிவித்தது. சபையில் அவமானப்பட்ட ஸோனி தனியே 'பிளேஸ்டேஷன்' செய்தது. நின்டெண்டோவோ, தகடு வேண்டாம், கேஸட்டே போதும் என்று 1996-இல் '64' என்ற பெட்டியைக் கொணர்ந்தது. கேஸட்டில் இடம் குறைவு, விலை அதிகம். அதுவரை நின்டெண்டோ பெட்டிகளுக்கே தன் தொடர் ஆட்டத்தைச் செய்து தந்த ஸ்கொயர் கம்பெனி, 1997-இல் அதன் ஏழாம் பாகத்தை எடுத்துக்கொண்டு பிளேஸ்டேஷன் பக்கம் சென்றது. 64 பெட்டி 3 கோடியே 29 லட்சம். பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல். பழைய பாகத்தை நம்பும் யோகோயின் கொள்கை எங்கே முடிகிறது, பழையதை விட மனமில்லாத பிடிவாதம் எங்கே தொடங்குகிறது என்று எதிரணியை நோக்கி அந்தத் தம்பி கேட்ட கேள்வி கூர்மையானது. போற்றிய அணி சிரித்து மழுப்பியது.

மூன்றாவது, ஸ்விட்ச் பெட்டியின் கைப்பிடி. விரல் படாமலே ஆட்டத்தின் உருவம் தானாக நகர்ந்து செல்லும் கோளாறு பலருக்கு நேர்ந்து, அமெரிக்காவில் வழக்குகள் எழுந்தன. 2019-இல் அங்கே இலவசப் பழுது தொடங்கியது. 2020-இல் தலைவர் ஃபுருகாவா வருத்தம் தெரிவித்தார். 1983-இல் ஃபாமிகாமின் சில்லில் குறை தெரிந்ததும் விற்ற பெட்டிகளைத் திரும்பப் பெற்றுச் சரி செய்ய உத்தரவிட்ட அதே கம்பெனியா இது என்று கேட்டார்கள். நாமும் அதையே கேட்கிறோம். இதில் பேச அதிகம் இல்லை.

இனி, கடைசிப் பேச்சாளருக்கு வருகிறோம். பதினான்கு வயதுச் சிறுமி. மைக்கின் உயரம் எட்டவில்லை; ஸ்டூல் போட்டு ஏற்றினோம். அவர் ஒரு வழக்கைக் கதையாகச் சொன்னார். 1981-இல் நின்டெண்டோ, மரத்தொட்டிகளை உருட்டிவிடும் குரங்கொன்றைப் பற்றி 'டாங்கி காங்' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. அதில் ஏணி ஏறி வருபவனே பிற்காலத்து மாரியோ. யூனிவர்ஸல் என்ற பெரிய சினிமா கம்பெனி, 'கிங் காங்' எமக்குச் சொந்தம் என்று வழக்குத் தொடுத்தது. நின்டெண்டோவின் வக்கீல் ஜான் கர்பி என்ன காட்டினார்? சில ஆண்டுகளுக்கு முன் அதே யூனிவர்ஸல், வேறொரு வழக்கில், அந்தக் குரங்கின் கதை பொதுச் சொத்து என்று தானே வாதாடி வென்றிருந்ததைக் காட்டினார். யூனிவர்ஸல் தோற்றது. கம்பெனி அந்த வக்கீலுக்கு ஒரு பாய்மரப் படகைப் பரிசளித்தது.

"பொதுவில் உள்ளதைப் பெரியவர்கள் பூட்டி வைக்கக் கூடாது என்ற நீதியால் பிழைத்த கம்பெனி இது" என்றார் அச்சிறுமி. "இன்று அது தன் பழைய ஆட்டங்களைத் தானும் விற்பதில்லை, பிறர் பாதுகாத்தாலும் விடுவதில்லை. 2019 ஜனவரியில் வீ பெட்டியின் இணையக் கடையை மூடினார்கள். 2023 மார்ச் 27-இல் 3டி.எஸ்., வீ யூ கடைகளை மூடினார்கள். அங்கு மட்டுமே விற்ற ஆட்டங்களை இனி நேர்மையாகக் காசு கொடுத்து வாங்குவது எப்படி? எதிரணி அண்ணன்களும் அக்காமார்களும் இதற்கு விடை சொல்லட்டும்." இவ்வளவுதான் கேட்டார், ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

மறுப்புரையில் போற்றிய அணித் தலைவி, சந்தா கட்டினால் பழைய ஆட்டங்கள் சிலவற்றை ஸ்விட்ச் பெட்டியில் ஆடலாமே என்றார். சந்தா நின்றால் ஆட்டமும் நிற்கும் என்பதை அவரும் அறிவார். எவற்றைத் தருவது என்பதும் கம்பெனியின் விருப்பமே. உழைத்துச் செய்தவருக்குத் தன் பொருளைக் காக்கும் உரிமை உண்டென்றும் சொன்னார். அதை நாம் மறுக்கவில்லை. 2024-இல், ஸ்விட்ச் ஆட்டங்களைக் கணினியில் ஓட்ட வழி செய்தவர்கள் மீது வழக்குத் தொடுத்து, 24 லட்சம் டாலருக்குச் சமரசம் கண்டார்கள். விற்பனையில் இருக்கும் ஆட்டத்தைத் திருடுவதைத் தடுப்பது எந்த வியாபாரியும் செய்வது. சிறுமி கேட்டது அதுவன்று. விற்பனையில் இல்லாததைப் பற்றிக் கேட்டார். அமெரிக்காவில் வீடியோ ஆட்ட வரலாற்றைப் பேணும் அறநிலையம் ஒன்று 2023-இல் ஆராய்ந்து வெளியிட்ட கணக்கின்படி, 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை. இப்பழி ஒரு கம்பெனியை மட்டும் சார்ந்ததன்று என்பதையும் நியாயத்தின் பொருட்டுச் சொல்ல வேண்டும்.

ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இங்கு ஒரு வார்த்தை. முப்பது ஆண்டு ஓடிய வேகனுக்கும் உதிரிப் பாகம் கேட்டு நம் மேஜைக்கு இண்டென்ட் வரும். லெட்ஜரில் எண் இருக்கும். எண் இருந்தால் எங்கேனும் பொருள் இருக்கும். இல்லையெனில் வரைபடமாவது இருக்கும், ஒர்க்ஷாப்பில் செய்துகொள்வார்கள். கையிருப்பில் இல்லை என்று எழுதலாம். இனிக் கேட்கவே கூடாது என்று எழுத நமக்கு அதிகாரம் இல்லை.

சென்ற மாதம், இந்தப் பட்டிமன்றத்துக்கு ஆயத்தமாகும் பொருட்டு, பரணிலிருந்து அந்தப் பழைய பெட்டியை இறக்கினோம். நம் தகப்பனார் மாரியோவை ஒருநாளும் ஓட்டியதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, காப்பி அருந்திவிட்டு, அந்தத் துப்பாக்கியை எடுத்து வாத்து சுடும் ஆட்டம் ஒன்றே ஆடுவார். குறி தவறினால் புல்லுக்குள்ளிருந்து ஒரு நாய் எழுந்து சிரிக்கும். நாயின் மேல் அவர் காட்டிய கோபத்தைப் பார்க்கவே பக்கத்து லைன் பிள்ளைகள் வருவார்கள். 1984-இல் நின்டெண்டோ செய்த ஆட்டம் அது. பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தோம். முப்பது ஆண்டு கழித்தும் உயிர் வந்தது. வாத்து பறந்தது. சுட்டோம், விழவில்லை. டி.வி.யை முட்டிக்கொண்டு நின்று சுட்டோம், நாய் சிரித்தது.

காரணத்தைப் பிறகு தெரிந்துகொண்டோம். அந்தத் துப்பாக்கி எதையும் செலுத்துவதில்லை. அதன் குழலுக்குள் இருப்பது ஒளியை உணரும் கண். விசையை இழுத்ததும் இமைப்பொழுதில் திரை இருண்டு, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றி மறையும். குழல் அக்கட்டத்தை நோக்கி இருந்தால் வாத்து விழும். படக்குழாய் டி.வி.யில் அந்த வெளிச்சம் குறித்த கணத்தில் வரும். இன்றைய தட்டை டி.வி.யோ படத்தைச் சிறிது தாமதித்தே காட்டுகிறது. அதற்குள் துப்பாக்கியின் கண் மூடிவிடுகிறது. பெட்டி இருக்கிறது, கேஸட் இருக்கிறது, ஆட்டம் இல்லை. இதற்குக் கம்பெனியைக் குறை கூறவில்லை, நம்முடையது நகல்தானே? ஆயினும் ஓர் ஆட்டம் இல்லாமற் போவது எப்படி இருக்கும் என்பது அன்று மாலை நமக்கு விளங்கிற்று.

போற்றிய அணி கூறிய சிறப்புகளுக்கும், தூற்றிய அணி கூறிய குறைகளுக்கும் வேர் ஒன்றே என்பது நம் கருத்து. பெட்டியும் தானே, ஆட்டமும் தானே, எல்லாம் தன் கைக்குள் என்று இறுகப் பற்றுகிறது அந்தக் கம்பெனி. அந்தப் பற்றுதலால்தான் பாட்டரிக்குத் தக்க திரையையும், விரலுக்குத் தக்க பொத்தானையும், பொத்தானுக்குத் தக்க ஆட்டத்தையும் அதனால் செய்ய முடிந்தது. கெட்ட காலத்தில் ஊழியரைக் கைவிடாமல் இருக்கவும் முடிந்தது. அதே கைதான் கடைக்காரரைப் பிடித்தது, கூட்டாளியைத் தள்ளியது, பழைய ஆட்டங்களை உள்ளே வைத்துப் பூட்டியது.

தீர்ப்புக்கு வருகிறோம். பட்டிமன்றம் என்பது நடுவரின் பாசத்தைக் கேட்பதன்று. எந்தக் கேள்விக்கு விடை வந்தது, எதற்கு வரவில்லை என்று பார்ப்பது. பூட்டுக்குப் போற்றிய அணி ஓரளவு விடை சொன்னது. பிடிவாதத்துக்கு, பின்னால் வந்த வெற்றிகளைக் காட்டியது. சிறுமியின் கேள்விக்கு மட்டும் விடை வரவில்லை. நாமும் தேடிப் பார்த்தோம், நமக்கும் அகப்படவில்லை. ஆகவே, இவாடாவின் பொருட்டு மனம் ஒரு பக்கம் இழுத்தபோதிலும், தூற்றிய அணியே வென்றதாக அறிவிக்கிறோம். இத்தீர்ப்பு கோல் பஜாரில் நகல் வாங்குவதற்கு அனுமதிச் சீட்டு அன்று என்பதையும் வென்ற அணியினர் குறித்துக்கொள்ளட்டும். தோற்ற அணியின் தலைவி முகம் வாட வேண்டாம். யோகோயைப் பற்றி அவர் பேசிய பத்து நிமிடங்களுக்காகத் தனிப் பரிசு ஒன்று தரும்படி செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம். செலவு நம் கணக்கில்.

முடிக்கும் முன் ஒரு விண்ணப்பம். அன்பர்கள் எவர் வீட்டிலேனும் பழைய படக்குழாய் டி.வி. ஓடும் நிலையில் இருக்குமாயின், தூக்கிப் போடுமுன் நமக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம். டிராலி நாமே கொண்டுவருவோம். அடுத்த ஞாயிறு மாலை இம்மண்டபத்தில் அதை வைத்துப் பெட்டியை இணைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். இரு அணிப் பிள்ளைகளும் வரலாம். துப்பாக்கி ஒன்றுதான் உண்டு. முதல் முறை அந்தச் சிறுமிக்கு.